மூன்றாவது தடவை கேட்காத மனிதர்

எங்கள் தெருவில் முன்கதவு என்பது மதம் பேச வருகிறவர்களுக்கும் ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கும் மட்டும்தான். வேண்டியவர்கள் கார் நிறுத்தும் கராஜ் வழியாக வருவார்கள். கராஜின் பெரிய கதவு மேலே ஏறியிருந்தால் வீட்டுக்காரர் பேச்சுக்குத் தயார். இறங்கியிருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது. எங்கள் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். மூன்றாவது தடவையும் கேட்டால், "இவ்வளவு சொல்றீங்க, சரி, கொஞ்சமா" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டுகிறவளைப் பற்றிச் சர்ச்சில் ஒரு வாரம் பேசுவார்கள். நானே பேசியிருக்கிறேன்.

எதிர்வீட்டு எல்டன் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஜூடி, "இந்தக் குளிர் போதும்" என்று சொல்லிவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு அரிசோனாவுக்குப் போய் நான்கு வருடமாகிறது. அவள் போன பிறகு கராஜ் வெறும் கூடாகக் கிடந்தது. தரையில் ஓர் எண்ணெய்க் கறை, கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய ஒரு டென்னிஸ் பந்து, அவ்வளவுதான். கார் கண்ணாடியில் பந்து தொட்டால் ஜூடி பிரேக் போட வேண்டும் என்று அவர் கட்டிவைத்தது. கார் போயும் பந்து போகவில்லை. எனக்கு அந்தப் பந்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ஏப்ரலில் ஒருநாள், நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு வருகிறேன், அந்த வெறும் கராஜின் நடுவில் எல்டன் அளவு டேப்போடு நிற்கிறார். கதவு மேலே ஏறியிருந்தது. நான் தெருவைத் தாண்டினேன்.

"என்ன எல்டன், வீட்டை அளந்து விக்கப் போறீங்களா?"

"விக்கிறதா? யாரு வாங்குவா? நமக்குன்னு ஒரு இடம் பண்ணலாம்னு பாக்குறேன். இந்தப் பக்கம் வேலை மேஜை. அந்தப் பக்கம் சும்மா உக்காந்து பேச."

'நமக்கு' என்றால் அவர் தனக்கு என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியாதா? பேச்சில் எல்லோரும் சொல்வதுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடைக்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். வெட்கப்பட வேண்டிய வயதுதான், வெட்கம்தான் வரவில்லை.

தரைக்கு இருவரும் சாம்பல் நிறம் அடித்தோம். எண்ணெய்க் கறை மட்டும் மூன்று பூச்சுக்கும் அடங்காமல் எட்டிப் பார்த்தது. அதன் மேல் பழைய சோபா ஒன்றைப் போட்டார். பேஸ்பால் வர்ணனை கேட்க ஒரு ரேடியோ, மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். சுவரில் துளைத்துளையாக இருக்கும் பலகையை அடித்து, அதில் கருவிகளை மாட்டினார். எடுத்த கருவி திரும்ப வராமல் போனால் தெரிய வேண்டுமே என்று, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் கோடு வரைந்தது நான். சுத்தியல், ரம்பம், குறடு, ரசமட்டம் என்று கீழே பெயரும் எழுதினேன். மளிகைக்கடையில் யாராவது "உங்க கராஜ் எப்படிப் போகுது?" என்று என்னைக் கேட்டால், உன் கராஜ் இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு, பெருமையாகப் பதில் சொல்வேன்.

என் மடக்கு நாற்காலியைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் வந்தேன். ஜூலையில் அவர் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, "இங்கயே மாட்டிட்டுப் போங்களேன்" என்றார். வேண்டாம், வேண்டாம், சரி. மூன்றாவது தடவை மாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தனியாக இருந்துகொண்டே சிரித்தேன்.

அக்டோபரில் வந்தது வினை. பெரிய கதவின் இடுக்குகளில் சூடெல்லாம் போய்விடுகிறதாம். கதவையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் சுவர் எழுப்பப் போகிறாராம். நடுவில் குளிர் தடுக்கும் பஞ்சு, இரண்டு பக்கமும் பலகை, ஜன்னல்கூடக் கிடையாது. வெளியிலிருந்து வரக் கொல்லைப்பக்கம் இருக்கும் சின்னக் கதவு ஒன்றுதான் வழி.

அவர் சட்டகம் அடித்துக்கொண்டிருந்தபோது நான் ஆணிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை நிமிராமலே சொன்னார்.

"கொல்லைக் கதவுக்கு இன்னொரு சாவி இருக்கு. வெச்சுக்கிறீங்களா?"

கையை நீட்டத்தான் தோன்றியது. வாய் தன் வேலையைப் பார்த்தது. "ஐயோ, எனக்கு எதுக்கு சாவி?"

"குளிர்ல வந்து கதவைத் தட்டிட்டு நிக்க வேணாமேன்னுதான். வாங்கிக்கோங்க."

"சும்மா இருங்க எல்டன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

இரண்டாகிவிட்டது. மூன்றாவதுக்காக நான் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் காற்றடைக்கும் கம்ப்ரஸர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அவர் ஆணி அடிக்கும் துப்பாக்கியை எடுத்து அடிக்கத் தொடங்கினார். அது நின்றதும் கேட்பார் என்று இருந்தேன். நின்றது. "அந்த நீளப் பலகையை எடுங்க" என்றார்.

மறுவாரம் சுவர் எழும்பிவிட்டது. அதற்கடுத்த வாரம் என் நாற்காலி, துடைத்து மடக்கி, என் வீட்டு வாசலில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஒரு சீட்டுகூட இல்லை. குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பிறகு நிலவறையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

அடுத்தவர் கொல்லைக்குள் நுழைந்து கதவைத் தட்ட நான் என்ன திருடியா? முன்கதவைத் தட்டலாமென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை கையில் சுடச்சுட ஒரு பாத்திரம் இருக்க வேண்டும். கராஜுக்குப் போகக் காரணமே தேவைப்படவில்லை. அதுதான் போய்விட்டது. பனிக்காலம் முழுவதும் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மொட்டைச் சுவரைப் பார்த்தேன். அதன் பின்னால் அவர் இருந்தார். ரேடியோ ஓடியிருக்கும். எனக்கு அந்தச் சோபாவின் மூலை வேண்டும், அவர் ரம்பத்தை எடுக்கும்போது போடும் முனகல் வேண்டும், அவர் வேண்டும்.

என் தங்கை லொரெய்ன் ஞாயிறுதோறும் போனில் பேசுவாள்.

"இன்னுமா அந்தச் சுவரைப் பாத்துட்டு இருக்க? கராஜுக்காகவா இப்படி உருகுற?"

"நல்ல இடம்டி அது. தரையெல்லாம் நான் அடிச்ச பெயிண்ட்."

"பெயிண்டாம்! உங்கிட்டயும் கராஜ் இருக்கு, பெயிண்டும் கிடைக்கும். கராஜ்காரன்தான் கிடைக்க மாட்டான். போய்க் கதவைத் தட்டுக்கா."

"என்ன சொல்லித் தட்ட?"

"தட்டு. வாய் தானா பேசும். உன் வாயாச்சே."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நிலவறையிலிருந்து நாற்காலியை எடுத்தேன். தெருவைத் தாண்டினேன். எல்டன் வீட்டு முன்படிகளில் அந்த வருடம் யாரும் கால் வைக்கவில்லை. முழங்கால்வரை பனி. நாற்காலியையே ஊன்றிக்கொண்டு ஏறினேன். பூட்ஸுக்குள்ளெல்லாம் பனி இறங்கியது. தட்டினேன்.

"யாரது?" என்று உள்ளிருந்து சத்தம்.

"மார்னா."

"யாராவது செத்துட்டாங்களா?"

"ஒருத்தரும் சாகல!"

"அப்புறம் ஏன் இந்தப் பக்கமா வந்தீங்க?"

"வேற எந்தப் பக்கத்தை விட்டு வெச்சிருக்கீங்க?"

கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இழுத்தார், நான் தோளால் முட்டினேன். "தள்ளுங்க, தள்ளுங்க" என்றார். "நான் என்ன இங்க டான்ஸா ஆடுறேன்?" என்றேன். மூன்றாவது முட்டலில் திறந்து, நாற்காலியோடு நான் உள்ளே போய் விழப் பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். உடனே விட்டும்விட்டார்.

சமையலறை வழியாகக் கராஜுக்குக் கூட்டிப்போனார். உள்ளே நல்ல கதகதப்பு. சோபா, ரேடியோ, ஃபிரிட்ஜ், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கூரையைப் பார்த்தேன். பந்தைக் காணோம்.

சுவரைப் பார்த்தேன். அந்த இரண்டு ஆணிகள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றிச் சுவர் மேலேயே கறுப்பு மார்க்கரால் ஒரு பெரிய கோடு, மடக்கிய நாற்காலியின் வடிவத்தில். நடுவில் வெறுமை. கீழே, என் எழுத்தைப் போலவே எழுதப் பார்த்துக் கோணிப்போன எழுத்தில், 'மார்னா' என்று இருந்தது.

"எப்ப வரைஞ்சீங்க?"

"சுவர் கட்டி முடிச்சப்புறம். நாற்காலியைத் திருப்பித் தர்றதுக்கு முந்தின ராத்திரி."

"அப்ப எதுக்கு நாற்காலியை என் வாசல்ல கொண்டாந்து போட்டீங்க?"

"சாவி வேணாம்னு ரெண்டு தடவை சொன்னீங்களே. நாற்காலி உங்க சொத்து, நான் எப்படி வெச்சுக்கிறது?"

"நீங்க ரெண்டு தடவைதானே கேட்டீங்க! எந்த ஊர் ஆளு நீங்க?"

அவர் வேலை மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஜூடி போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனா. 'நீ எதையும் மூணு தடவை கேப்ப. மூணாவது தடவை நான் சரின்னு சொன்னதெல்லாம் சம்மதத்துல இல்ல, அலுப்புல. கல்யாணமும் அப்படித்தான்'னா. அதுக்கப்புறம் நான் யாரையும் மூணாவது தடவை கேக்குறதில்ல, மார்னா. இன்னொருத்தி அலுத்துப்போய் என் பக்கத்துல உக்கார வேணாம்."

நான்கு மாதக் கோபத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாற்காலியை அந்தக் கோட்டுக்குள் மாட்டினேன். சரியாகப் பொருந்தியது. பிறகு அதையே கழற்றி விரித்து உட்கார்ந்தேன்.

"காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அறுபத்திரண்டு வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை 'வேணாம்' என்று வந்துவிட்டது. விழுங்கினேன்.

"குடுங்க."

அவர் கையில் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"குடுங்கன்னேன். ஒரு தடவை கேட்டாப் போதும்."

என்னையே பார்த்துக்கொண்டு ஊற்றினார். பாதி காபி தட்டில்தான் இருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டு, வேலை மேஜையின் இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தார். என்னைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மார்னா, இந்தச் சாவி..."

"சரி" என்றேன். அவர் இன்னும் கேட்டே முடிக்கவில்லை.