ஆயிரத்துக்கு முப்பத்தாறு குறைவு

துறைத்தலைவருக்குப் பல்கலைக்கழகத்தில் ‘ஒப்பந்தத் திலகம்’ என்று பெயர். மாற்று எரிசக்தியை வளர்ப்பதற்காகப் பத்தாண்டுகளில் பதினோரு பல்கலைக்கழகங்களோடு கையெழுத்துப் போட்டவர். அதனால் ஒரு விளக்காவது எரிந்ததா என்று கேட்டால், விழா மேடையில் எரிந்த சீரியல் விளக்குகளைத்தான் காட்ட வேண்டும்.

பன்னிரண்டாவது ஒப்பந்தம் மட்டும் நிஜம். காரணம், அவருடைய தங்கை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பத்து நான்கு வயதில் ஆய்வுக்கு வந்தவள். உப்புக் கரைசலில் இயங்கும் பேட்டரி ஒன்றைச் செய்து, வெப்பம் மாறாத பெட்டிக்குள் வைத்து, மின்சாரம் ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு நான்கு சுற்று. இடையில் நிற்காமல் ஆயிரம் சுற்று ஓடினால் கூட்டாளிப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை. முடிவு மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு முடிந்திருந்தது. இன்னும் ஒன்பதே நாள்.

அந்த ஒப்பந்தத்தின் கையெழுத்து நாளன்று காலை மகளின் பள்ளிக்குப் புறப்பட்டவள், ஆய்வகச் சாவியை அவரிடம் கொடுத்தாள்.

“யாரையும் தொட விடாத அண்ணா.”

“என்னைத் தாண்டி எவன் தொடுவான்?”

எவனும் தொடவில்லை. பதினோரு மணிக்குத் துணைவேந்தர் மேடையைச் சுற்றிப் பார்த்தார். “பேனர் இருக்கு, பூச்செண்டு இருக்கு. ஆராய்ச்சி எங்கய்யா?”

“லேப்ல ஓடிக்கிட்டிருக்கு சார்.”

“லேப்ல ஓடினா போட்டோல எப்படி விழும்? தூக்கிட்டு வாங்க. ஒரு பல்பை மாட்டுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பத்தாண்டாக வேலை கொடுக்காத வார்த்தை, நாக்குக்கு வரவில்லை. பத்து நிமிஷம்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கோட்டுக் கையை மடித்துவிட்டுத் தானே பெட்டியைத் திறந்து, தானே ஒயரைக் கழற்றி, பேட்டரியைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார்.

பல்பு எரிந்தது. துணைவேந்தர் ‘விடியல்’ என்று ஆறு முறை சொன்னார். கூட்டாளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை மட்டும் கைதட்டாமல் அருகே வந்து குனிந்து பார்த்தார்.

“அப்போ சோதனையில ஓடிக்கிட்டிருக்கிறது வேற பேட்டரியா?”

“இல்ல மேடம், இதேதான். தொள்ளாயிரத்து அறுபத்து நாலு!” என்றார் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

“அடடா” என்றார் பேராசிரியை, மெதுவாக. “மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணுமே.”

மாலையில் தங்கை பேட்டரியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து இணைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்று என்று இருந்தது. அழுதிருந்தால் தேற்றியிருப்பார், பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் அழவில்லை.

“நான் லெட்டர் எழுதறேம்மா. என் கையெழுத்துக்கு அங்க ஒரு மரியாதை இருக்கு.”

“எழுது.”

‘தவிர்க்க முடியாத காரணங்களால் சோதனை தடைபட்டது’ என்று தட்டெழுதிக் காட்டினார். அவள் படித்தாள்.

“அந்தத் தவிர்க்க முடியாத காரணம் கோட்டு போட்டிருந்துச்சா அண்ணா?”

அவர் தன் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“நான்தான் கழட்டினேன், பேட்டரி மேல தப்பில்லன்னு எழுது. அவகாசம் குடுத்தாலும் குடுப்பாங்க.”

வரியை அழித்தார். ‘நான்’ என்று அடித்தார். பதினோரு ஒப்பந்தங்களில் புழங்கிய சொற்களெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றன: மகிழ்ச்சியுடன், பெருமையுடன், நல்லெண்ணத்துடன். எதையும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க முடியவில்லை. துணைவேந்தர் இதைப் படிப்பாரோ என்ற யோசனை வேறு.

“நாளைக்கு முடிச்சிடறேன்” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். மாதக் கடைசி வரை அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு ‘நாளைக்கு’ மிச்சமிருந்தது.