வெறும் காற்று

மாதம்மாளுக்குக் கைகால் இழுப்பு வருமுன் மிளகு கருகும் வாசனை வரும். அடுத்து இடதுகை முறுக்கிக்கொள்ளும். அதன்பின் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. கல்யாணமான வருஷம் தொடங்கியது அது. அவள் புருஷன் சென்றாயனின் மூத்த தாரம் பாப்பாயி பிரசவத்தில் செத்தவள்; அவள்தான் இவள்மேல் இறங்குகிறாள் என்று மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களெல்லாம் நம்பின. மாதம்மாளும் நம்பினாள். கண் விழிக்கையில் புருஷன் அவள் கையைப் பிடித்தபடி, அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பான்.

யுத்த காலத்தில் ஒருநாள் எரிகிற அடுப்பின்மேல் விழுந்து தோள் வெந்துபோயிற்று. சேந்தமங்கலத்து டாக்டர் புண்ணுக்கு மருந்து போட்டதோடு விடாமல், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே முதுகுத்தண்டில் ஊசி குத்தி, நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றினார்கள். காற்று மண்டைக்குள் ஏறியபோது தலை பிளந்துவிடும் போலிருந்தது. குடல் புரள வாந்தி எடுத்தாள். அந்த நிலையிலேயே எக்ஸ்ரே படம் பிடித்தார்கள்.

பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். காற்றுப் புகுந்த இடம் கறுப்பாகத் தெரியுமாம். வலப்பக்கத்தில் பலாக்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. அங்கே மூளை வளரவே இல்லை, இழுப்புக்கு அதுதான் காரணம், மாத்திரை தின்றால் அடங்கும் என்றார்.

"எப்பருந்துங்க?" என்று கேட்டான் சென்றாயன்.

"தாய் வயிற்றிலிருந்தே."

பஸ் ஏறித் திரும்பினார்கள்.

மாத்திரை கேட்டது. சாமை அறுப்பு முடியும்வரை ஒரு இழுப்பும் இல்லை. ஆனால் சென்றாயன் மெலிந்துகொண்டே போனான். ஒரு சாயங்காலம் அவள் மாத்திரையைக் கையில் எடுத்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு வேண்டாம் புள்ள. அவகிட்ட ஒரு வார்த்த பேசோணும்."

இத்தனை வருஷமும் அவன் யார் கையைப் பிடித்திருந்தான் என்பது அப்போதுதான் மாதம்மாளுக்கு உறைத்தது.

"அக்கா என்னங்க சொல்லும்?"

"ஒண்ணுஞ் சொல்லமாட்டா. முனகுவா. எனக்கு அது போதும்."

அவள் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "அங்க ஆருமில்லீங்க. டாக்டர் காட்டுனாரில்ல, வெறும் காத்துதான்."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். மறுபடி கேட்கவேயில்லை.

மாசிமாதம் ஒரு மத்தியானம், காட்டுவேலை அலுப்பில் கண்ணயர்ந்திருந்தவளுக்குக் காதருகே மூச்சுப்பட்டுத் தூக்கம் கலைந்தது. சென்றாயன் குனிந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறதாம். செவலைப் பசு ஈன்றிருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே, முனகலுக்குக் காத்திருப்பவன்போல் சற்று நிறுத்தினான்.

மாதம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை அசையாமல் கிடந்தாள்.