நாடா வைத்த பக்கம்

எங்கள் சின்னவளுக்கென்று ஒரு வேத வசனம் இருந்தது, கண்ணுங்களா. சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவாள், அந்த வசனத்தை முத்தமிடாமல் படுக்கமாட்டாள்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அண்ணன் பேருந்துப் பணிமனையில் எழுத்தர், தேவாலயச் சபையில் வேதம் வாசிக்கிற மூப்பர், நல்ல குரல். அண்ணிக்கு அப்போதுதான் இரட்டைப் பிள்ளைகள். சின்னவளுக்குப் பகலெல்லாம் திரைச்சீலை தைக்கிற கூடத்தில் வேலை, வீடு வந்தால் இந்த இடுப்பில் ஒன்று, அந்த இடுப்பில் ஒன்று. இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது தெருமுனைப் பூட்டுக்காரர் அவளைப் பெண் கேட்டு வந்தார். அதே சபைக்காரர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். அவளுக்கும் மனசு இருந்தது. ஆனால் எழுத்து தெரியாதவள் வேறு யாரைக் கேட்பாள்?

“அண்ணே, இதுக்கு வேதத்துல என்ன சொல்லியிருக்கு?”

அண்ணன் வேதாகமத்தைத் திறந்தார், தொண்டையைச் செருமினார், வாசித்தார். கணவனை இழந்தவள் தன் சகோதரன் வீட்டிலே தங்கியிருந்து, அவன் பிள்ளைகளைப் பேணி, கர்த்தருக்குக் காத்திருக்கக்கடவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் அழவில்லை. “அந்த எடத்துல அடையாளத்துக்கு நாடாவை வெச்சிடுங்க அண்ணே” என்றாள்.

“இந்தப் புத்தகத்தை நீயே வெச்சுக்கம்மா” என்று பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டு, அவர் வேறொன்று வாங்கிக்கொண்டார். பூட்டுக்காரர் ஒரு வருஷம் பார்த்தார். பிறகு வேறு இடத்தில் பெண் எடுத்தார். சின்னவளே போய்க் கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். கர்த்தர் சொன்னதை மீற முடியுமா?

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் சபையில், இனி அவரவர் வேதத்தை அவரவரே வாசிக்கப் பழகுங்கள் என்று அறிவித்தார்கள். அறிவித்ததோடு சரி, சொல்லித்தர ஆள் இல்லை. திரைச்சீலைக் கூடத்துப் பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தின் பக்கத்தைத் திறப்பது. வாய் சொல்லச் சொல்ல விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்துவது. வாய்க்குத் தெரிந்ததைக் கண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பது, அவ்வளவுதான். துணி வெட்டுகிற கத்திரி அக்காவுக்கு முன்பே பாதி எழுத்து தெரியும். ஒல்லியாய் இருந்ததால் ஊசி என்று பெயர் வாங்கியவள் வேதத்திலுள்ள ஒரு சங்கீதப் பாட்டை இப்படியே பிடித்துவிட்டாள்.

சின்னவள் எதைக் கொண்டுவருவாள்? நாடா வைத்த பக்கத்தைத்தான்.

விரல் வைத்தாள். சொன்னாள். சொல் ஒரு பக்கம் போனது, எழுத்து ஒரு பக்கம் போனது.

“நீ வேகமா சொல்றடி, மெதுவா சொல்லு” என்றாள் கத்திரி அக்கா.

மெதுவாகச் சொன்னாள். அடுத்த வரியிலிருந்து, அடுத்த பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பார்த்தாள். நாள்கணக்கில் பார்த்தார்கள். “என் மண்டை களிமண்ணுக்கா, உங்க எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரமாட்டேங்குது” என்று கண் கலங்கினாள். பக்கத்தின் மேல் அவளுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது.

ஒருநாள் மதியம் ஊசி, வாயில் சோற்றோடு, அந்தப் பக்கத்தை வெறுமனே எழுத்துக் கூட்டினாள். “மூ... டு... திரை. மூடுதிரைடி! நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை முழம், ஓரத்துல காது வெச்சுக் கொக்கி மாட்டணுமாம். ஏய், இது நம்ம வேலைடி! கர்த்தரே நமக்கு ஆர்டர் குடுத்திருக்காரு!”

கூடமே சிரித்தது. அந்தக் காலத்தில் கர்த்தரைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்துக்குத் திரை தைக்கிற அளவு அது. சின்னவளும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பிறகு ஊசி எழுத்துக் காட்டிக் கொடுக்க, விரலை வைத்து, தானே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கூட்டிப் படித்தாள். இத்தனை வருஷமாக முத்தமிட்டதில் அந்தத் தாளின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

“வேற எடத்துல இருக்கும்டி, நாடா நகர்ந்திருக்கும்” என்றாள் கத்திரி அக்கா. யாரும் சிரிக்கவில்லை இப்போது.

தேடினார்கள். மாசக்கணக்கில், மத்தியானச் சோற்று நேரமெல்லாம். அண்ணன் வாசித்த வசனம் எங்குமே இல்லை. கணவனை இழந்தவளைப் பற்றி வேறொன்றுதான், கடைசியில் அப்போஸ்தலர் சபைக்குக் கடிதமாய் எழுதிய ஒரு நிருபத்தில் கிடைத்தது. புருஷன் இறந்துபோனால் அவள் தனக்கு இஷ்டமானவனைக் கட்டிக்கொள்ளலாம், விசுவாசியாக இருந்தால் போதும் என்று இருந்தது. கட்டிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது என்பது தன் அபிப்பிராயம் என்று அப்போஸ்தலர் அங்கேயே எழுதியும் இருந்தார். அதையாவது வாசித்துக் காட்டியிருக்கலாமே! அவளே யோசித்து ஒரு முடிவு எடுத்திருப்பாளே.

அன்று மாலை ஜெப நேரத்தில், தன் புத்தகத்தை அண்ணனிடம் நீட்டினாள்.

“அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசிங்க அண்ணே.”

ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாள் பாவம். ‘இங்கே இல்லையம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னிக்கத் தயாராய்த்தான் இருந்தாள்.

அவர் நாடாவைப் பிடித்துத் திறந்தார். தொண்டையைச் செருமினார். திரையின் அளவு எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, கணவனை இழந்தவள் என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்தார். பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள்.

“காது எங்க அண்ணே, கொக்கி எங்க?” என்றாள் சின்னவள். “நான் படிச்சுட்டேன்.”

அவர் மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “அப்படி ஒண்ணு... எங்கயாவது இருக்கும்னு நெனச்சேம்மா.”

“தேடிப் பாத்தீங்களா?”

“இல்ல.”

அண்ணி முணுமுணுத்தாள். “அந்த நாடாவை எடுத்துடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டாத்தானே.”

சின்னவள் அண்ணி பக்கம் திரும்பினாள். பூட்டுக்காரர் கல்யாணத்தன்று இவளைக் கட்டிக்கொண்டு அழுதவள் அந்த அண்ணி.

“உங்களுக்கும் தெரியுமா?”

“கைக்கொழந்தைங்க ரெண்டு... நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? சொல்லு.”

“அதைச் சொல்லிக் கேட்டிருந்தா நானே இருந்திருப்பேன் அண்ணி. நீங்க கேக்கவே இல்லையே. உங்களுக்குப் பதிலா கர்த்தரையில்ல கேக்க வெச்சீங்க.”

“குடும்மா, சரியான எடத்தை நானே எடுத்து வாசிக்கிறேன்” என்று அண்ணன் பக்கங்களைப் புரட்டினார். அவள் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த மாசமே சின்னவள், கத்திரி அக்கா வீட்டு மாடியில் ஓர் அறைக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் மட்டும் வருவார்கள், அவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் மூப்பரான அண்ணன் எழுந்து அந்த நல்ல குரலில் வாசிக்கும்போது, அவள் பின் வரிசையில் விரல் வைத்து, வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டே வருவாள். அவர் இப்போதெல்லாம் சரியாகத்தான் வாசிக்கிறார். அவளுக்குத்தான், கண்ணுங்களா, விரலை எடுக்க முடியவில்லை.