‘ஆமா, அதான்’ என்று அவர் சொல்லும்வரை

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் குறிப்பாகத் தொடங்கியது. நாலு வரி எழுதினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று வாரமாகிறது.

எங்கள் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பேர். ஒருவர் கருத்தை மறுப்பதற்கு முன் அதை நம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ‘ஆமா, அதான்’ என்ற பிறகே மறுக்கலாம். இந்த விதியை எழுதியவன் நான்.

(எழுதியவனுக்கு விதி பொருந்தாது என்று எங்கும் எழுதவில்லை. எழுதாமலே அப்படி நடந்துகொண்டேன்.)

2

தையல்காரர் அன்று காலை குழுவில்—

இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். தொழிலை மாற்றினால் நான் செய்த தப்பு காணாமல் போய்விடுகிறது.

அந்த மாதம் வாசித்த நாவலில் ஒருவன் பதினோரு வருடம் மனைவியிடம் பேசுவதில்லை. திமிர் என்று எழுதியிருந்தேன். மெக்கானிக் குரல் பதிவு அனுப்பினார். எப்போதும் குரல் பதிவுதான், கையெல்லாம் கிரீஸ்.

“திமிர் இல்ல தம்பி, பயம். லிஃப்ட் நடுவுல நின்னுட்டா சில பேர் கத்துவாங்க. சில பேர் கூப்பிட்டாக்கூட வாயத் தொறக்க மாட்டாங்க. அவங்களைத்தான் விடாம கூப்பிட்டுட்டே இருக்கணும். அந்த ஆள் ரெண்டாவது ரகம்.”

நான் எழுதினேன்: “அண்ணே, எல்லாரையும் லிஃப்ட்டுக்குள்ள தள்ளாதீங்க. இது இலக்கியம்.”

பதினேழு சிரிப்புப் பொம்மைகள். பதினெட்டாவதாக, அவர் வெளியேறிவிட்டார் என்ற அறிவிப்பு.

3

குழுவில் அக்காவும் இருக்கிறாள். போன் செய்தாள்.

“நானும்தான் சிரிச்சேன், அது வேற. உன் விதி என்னடா ஆச்சு?”

“தனியா மெசேஜ் போட்டு சாரி கேட்டுடறேன்.”

“மட்டம் தட்டினது நாப்பது பேர் முன்னாடி. சாரி மட்டும் சந்துக்குள்ளயா?”

வெகுநேரம் போனைக் காதில் வைத்திருந்தேன்.

“லைன்ல இருக்கியா?” என்றாள். பிறகு, “சரிதான். ரெண்டாவது ரகம்.”

4

முடிவு ஒன்று: அவர் திரும்பி வருகிறார், எல்லோரும்— (பொய்.)

முடிவு இரண்டு: அவர் வரவே இல்லை, நான் தீராத துயரத்துடன்— (பெரிய பொய். இதில் எனக்குத்தான் அழகு.)

ஆகவே இதை அப்படியே குழுவில் போடுகிறேன். அக்கா அவருக்கும் அனுப்பிவைப்பாள்.

அண்ணே, நீங்க சொன்னது இதுதானா? அந்த ஆள் பேசாதது பயத்துல. யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருந்திருந்தா, கதவு திறக்கிற வரைக்கும் தாங்கியிருப்பான். அவன் மனைவி நாவல்ல எத்தனாவது பக்கத்துல கூப்பிடுறத நிறுத்தினாங்கன்னு நான் கவனிக்கவே இல்ல.

எனக்கு மறுக்க இன்னும் ஏதாவது இருக்கிறதா, தெரியவில்லை. அதற்கு முன்னால் ஒரு வரி பாக்கி. அதை நான் எழுதக் கூடாது. குழுவில் இருக்கும் நீங்களும் அதுவரை பொம்மை எதுவும் போடாமல் இருங்கள்.

5