வளையபுரி, இரண்டாம் பாகம்

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1998இல், திண்டிவனம் பேருந்து நிலையக் கடையில் டயானா ஒரு மாத நாவல் வாங்கினாள். பெயர் ‘வளையபுரி’. எழுதியவர் துரைக்கண்ணு.

பூமியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையம் ஒன்றின் கதை அது. சக்கரம் போன்ற அந்த நிலையத்துக்குள் ஒரு சிற்றூரே குடியிருந்தது. அதன் ஏழாம் பகுதியில் வெளிச்சுவர் விரிசல் விடுகிறது. அதை அடைப்பதற்காகத் தலைவர் மாரன், கண்ணுக்குத் தெரியாத நானோ இயந்திரங்களைச் செய்து வைத்திருக்கிறார். மக்கள் அவற்றைத் ‘தூசு’ என்கிறார்கள். தூசு விரிசலில் போய்ப் படிய வேண்டுமானால் அங்கே காற்றோட்டத்தை நிறுத்த வேண்டும். எங்கள் மூச்சை அடைத்துத்தான் ஊரைக் காப்பாற்ற வேண்டுமா என்று ஏழாம் பகுதிக்காரர்கள் எதிர்க்கிறார்கள். மாரன் காற்றை நிறுத்த ஆளனுப்புகிறார். இளவேனில் என்ற பெண் காற்றுக்குழாயின் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதோடு முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகம் வரவே இல்லை.

டயானா இயற்பியல் ஆசிரியை ஆனாள். கல்யாணமும் ஆயிற்று. வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, அவ்வளவு சின்ன இயந்திரத்துக்குச் சக்தி எங்கிருந்து வரும், சுவரின் சூட்டிலிருந்தா என்று நினைப்பு ஓடும். இளவேனில் கையை எடுத்தாளா இல்லையா என்பதும் தெரிந்தபாடில்லை. எழுதின ஆளையே கேட்டுவிடேன் என்றான் கணவன் அந்தோணி பிரபு.

2007 கோடை விடுமுறையில் விசாரித்தாள். துரைக்கண்ணு எழுதுவதை விட்டுவிட்டு, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியின் தலைவராகியிருந்தார்.

அவள் போன நேரத்தில் அலுவலகம் காலி. எல்லோரும் தண்ணீர் டேங்க் அருகில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே ஒரு கூட்டமே கூடியிருந்தது. கீழத்தெருவுக்குத் தண்ணீர் தரும் பழைய டேங்க் கசிந்துகொண்டிருந்தது. அதை வடித்துவிட்டுப் பூசினால்தான் சரியாகும். அதுவரை கீழத்தெருவுக்குத் தண்ணீர் கிடையாது. வால்வுக் குழியின் மூடிமேல் அம்சா உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தத் தெருவில் வேர்க்கடலை வறுத்து விற்பவள். வெள்ளைச் சட்டையில் வியர்த்துப்போய் எதிரே நின்றவர்தான் துரைக்கண்ணு என்று பக்கத்திலிருந்தவர் காட்டினார்.

நாவலின் கடைசிப் பக்கம் டயானாவின் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. ஒரே வித்தியாசம், அதை எழுதியவரே இப்போது மாரனின் இடத்தில் நின்றார்.

எப்போது எதை நிறுத்தினாலும் எங்கள் தெருவில்தான் நிறுத்துகிறீர்கள் என்றாள் அம்சா. விரிசல் பெருகி டேங்க் இடிந்து விழுந்தால் உங்கள் தெரு மேல்தான் விழும் என்றார் துரைக்கண்ணு. விரிசலை யார் பார்த்தது என்று அவள் கேட்டாள். பொறியாளர் பார்த்தார் என்றார்.

“நீங்க பாத்தீங்களா?”

துரைக்கண்ணு பார்த்திருக்கவில்லை.

அம்சா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் ஏறினார். கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். மேலே இரண்டு பேரும் குனிந்து எதையோ தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. இறங்கியபோது துரைக்கண்ணுவின் முகம் வெளுத்திருந்தது.

“விரிசல் நெசந்தான். கை போவுது உள்ள,” என்று அம்சா தெருக்காரர்களிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “மூடிக்கோங்க தலைவரே. ஆனா உங்க தெரு தண்ணிய ஒரு நாளு விட்டு ஒரு நாளு எங்களுக்குத் திருப்பி விடணும். உங்க தெரு டேங்க்குலேர்ந்து லைன் இருக்குதில்ல?”

இருந்தது. துரைக்கண்ணு சரி என்றார். அவருடைய தெருக்காரர் இருவர் அப்போதே முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு டயானா போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். அவர் வியப்போடு பார்த்தார்.

“அத இன்னுமா ஞாபகம் வச்சிக்கினு இருக்கீங்க, டீச்சர்?”

வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி தையல்நாயகி மோர் கொடுத்தாள். இரண்டாம் பாகம் ஏன் வரவில்லை என்று டயானா கேட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்பது எழுதும்போதே தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகு மாரனைக் கெட்டவனாக எழுத வரவில்லை. நல்லவனாக்கவும் மனம் ஒப்பவில்லை.

“இன்னிக்கு நடந்தத எழுதுங்க சார்,” என்றாள் டயானா. “இளவேனில் விரிசலப் பாக்கணும்னு கேக்கட்டும்.”

அவர் மோர் டம்ளரைக் கையில் உருட்டியபடி இருந்தார். விண்வெளியில் வெளிச்சுவரை எப்படிப் போய்ப் பார்ப்பது என்று திடீரென்று கேட்டார். கவச உடை போட்டுக்கொண்டுதான் என்றாள். தலைவரும் கூடப் போவாரா என்றார். போகாவிட்டால் அவள் நம்பமாட்டாளே என்றாள். தையல்நாயகி விளக்கைப் போடும்வரை பேச்சு நிற்கவில்லை.

அப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் டயானா திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினாள். அரசியல் பகுதியை அவர் எழுதினார், தூசின் பகுதியை இவள் எழுதினாள். ஏழாம் பகுதி மக்களைத் தலைவர் குடியிருக்கும் பகுதியிலேயே தங்கவைக்கும் அத்தியாயத்தில் இருவருக்கும் பெரிய தகராறு. அங்கே இருப்பவர்கள் அவ்வளவு லேசில் கதவைத் திறக்கமாட்டார்கள், என் தெருவைப் பார்த்தீர்களா என்றார் அவர். கடைசியில் பாதிக் கதவுகள்தான் திறந்தன. தூசு விரிசலை அடைத்தது. அடுத்த தேர்தலில் மாரன் தோற்றார்.

புத்தகம் 2009இல் வெளிவந்தது. அதிகம் விற்கவில்லை. 2011 தேர்தலில் துரைக்கண்ணுவும் தோற்றார். அவருடைய சொந்தத் தெருவே அவரைக் கைவிட்டிருந்தது. டயானா பார்க்கப் போனபோது அவர் அப்படியொன்றும் வருத்தமாகத் தெரியவில்லை. புத்தகத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு இருவரும் அம்சாவின் கடைக்கு நடந்தார்கள்.

அம்சாவுக்குக் கதை படிக்கும் பழக்கமில்லை. அடுப்பில் மணலோடு கடலையைப் புரட்டிக்கொண்டே, டயானா சொன்ன முழுக் கதையையும் கேட்டாள். இளவேனிலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். பிறகு கரண்டியை நிறுத்தினாள்.

“அவ்ளோ பேரு மேல குடியிருக்காங்களே. குடிக்கத் தண்ணிக்கு இன்னா பண்றாங்க?”

இரண்டு பாகத்திலும் ஒருவர்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மனிதர் விடும் மூச்சிலிருக்கும் ஈரத்தை வடித்துக் குடிநீராக்கலாம் என்று டயானா ஆரம்பித்தாள். துரைக்கண்ணு அங்கே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.