அக்காவின் சொந்தத் தொழில்

அக்கா காலமானபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய கைராசியைத்தான் சொன்னார்கள். அவள் முடி வெட்டினால் முகமே மாறிவிடுமாம். உண்மைதான். ஆனால் எனக்கு, தொழிலாளர் அலுவலகத்தில் அவள் முதலாளியோடு மல்லுக்கு நின்ற நாள்தான் முதலில் ஞாபகம் வருகிறது. கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது.

பெண்களுக்கான சலூன் அது. மூன்று மாதச் சம்பளத்தை இன்று நாளை என்று இழுத்தடித்த முதலாளி, அக்கா வேலையை விட்டதும் கையை விரித்துவிட்டார். அந்தப் பணம் வந்தால்தான் வீட்டு வாடகை பாக்கி தீரும். புகார் கொடுத்தாள். விசாரணைக்குத் துணையாக நான் போனேன்.

"சம்பளமா? இவங்க என் ஆளே இல்ல மேடம்," என்றார் முதலாளி, மேசைக்கு எதிரே இருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்துகொண்டு. "என் கடையில ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து சொந்தத் தொழில் பண்றவங்க. அவங்களுக்கு அவங்கதான் முதலாளி." ஒப்பந்தத் தாளையும் நீட்டினார்.

அதிகாரியம்மாள் அக்காவைப் பார்த்தார். "கையெழுத்து உங்களுதுதானா?"

"என்னுதுதான் மேடம். லீவு லெட்டருக்குன்னு சொல்லி வாங்கினாரு."

"அதுக்கு சாட்சி?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "போச்சுடி," என்று முணுமுணுத்தாள்.

ஏதோ கோப்பைத் தேடி அதிகாரியம்மாள் எழுந்துபோய் அலமாரிக்குள் தலையை நுழைத்தார். கால்கடுக்க நின்ற அக்கா, சுவரோர பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஏய்!" என்று அதட்டினார் முதலாளி. "கஸ்டமர் இல்லன்னா உக்காந்துடுவியா? எந்திரி! அந்தச் சீப்பையாவது கழுவு!"

அக்கா விருட்டென்று எழுந்துவிட்டாள். சீப்பைத் தேடி அவள் கையும் நீண்டது.

அலமாரியிலிருந்து தலை வெளியே வந்தது. "எந்தச் சீப்பு சார்?"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "பழக்கதோஷம் மேடம்."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"ஆறு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் அதிகாரியம்மாள் விடவில்லை. "எத்தன மணிக்கு வரணும்னு யாரு சொல்றது? வெட்டுக்கு இவ்வளவுன்னு யாரு முடிவு பண்றது? லேட்டா வந்தா காசு யாரு பிடிக்கிறது?" ஒவ்வொன்றுக்கும் வந்த "நான்தான்" தேய்ந்துகொண்டே போனது. அக்கா அவருடைய தொழிலாளிதான், சம்பள பாக்கி முழுவதும் அவர் பொறுப்பு என்று அன்றே உத்தரவாயிற்று.

படியிறங்கும்போது நான் துள்ளாத குறை. அக்கா முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஜெயிச்சாச்சே, இன்னும் என்னக்கா?"

"அவன் கத்தினதும் நான் எதுக்குடி எந்திரிச்சேன்?"

"நீ எந்திரிச்சதாலதானே ஜெயிச்ச!"

கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தாள். "நான் வேலைய விட்டுட்டேன். இந்தக் காலுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல போல."

சொல்லிவிட்டு, போகிற வருகிறவர்களுக்கு நடுவே, அந்தப் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எவ்வளவு இழுத்தும் எழுந்திருக்கவில்லை.