முன்னதாக உதிர்ந்த முடி

மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டில் மணிமேகலையின் தலைமுடி, அது உதிர்வதற்கான காரணம் நிகழ்வதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே உதிர்ந்துவிடும். காரணம் முன்னும் காரியம் பின்னுமாக வருவதே முறை. கடுங்காய்ச்சலோ பிள்ளைப்பேறோ பேரதிர்ச்சியோ நேர்ந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்தே ஏனையோர்க்கு முடி கொட்டும். அவளுக்கு அம்முறை தலைகீழாக அமைந்திருந்தது. திருமணமான ஆண்டின் தை மாதத்தில் சீப்பு நிறைய முடி வந்தது. சித்திரையில் டைபாய்டு வந்தது. ஈராண்டு கழித்து, அவள் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது மீண்டும் கொட்டியது. பிள்ளை பிறந்த பின் ஒரு முடியும் உதிரவில்லை. பக்கத்து வீட்டு இருசாயி அதைக் கண்டு சற்றே பொறாமை கொண்டதைத் தவிர, ஊரார் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆனி மாதத்தில் மூன்றாம் முறையாகக் கொட்டத் தொடங்கியது. தலையணையிலும், சாமை புடைத்த முறத்திலும், குழம்பிலும் முடி கிடந்தது. வகிடு விரலகலத்திற்கு விரிந்தது. அவள் கணவன் ராஜதுரை மரவள்ளிக் கிழங்கை வேனில் ஏற்றிக்கொண்டு, மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் இறங்கி ஏறுபவன். ஆகவே, வரவிருப்பது யாதென்பதில் அவளுக்கு ஐயமே எழவில்லை.

“ஏனுங்க, மூணு மாசத்துக்கு வேன எடுக்காதீங்க.”

“உன் முடிக்கும் வேனுக்கும் என்ன புள்ள சம்பந்தம்? வேணும்னா ரெண்டு கொண்டை ஊசி வாங்கியாரேன். எழுபதோட எழுபத்திரண்டா இருக்கட்டும்” என்று சிரித்துவிட்டு அவன் புறப்பட்டான்.

அடிவாரத்து மருத்துவர் கோகிலா இரும்புச்சத்துக்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டும் சரியாகவே இருந்தன. இறுக்கிப் பின்னும் வழக்கம் அவளுக்கு இல்லை. உச்சந்தலையில் பூஞ்சைத் தொற்று இல்லை. குடும்பத்தில் எவருக்கும் வழுக்கை இல்லை.

“மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல், ஆபரேஷன், இல்ல மனசு அதிர்ற மாதிரி ஏதாவது நடந்துச்சாம்மா?”

“இன்னும் நடக்கலீங்க” என்றாள் மணிமேகலை.

மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவள் நாள்காட்டியில் தொண்ணூறாம் நாளைச் சுழித்து வைத்தாள். உதிர்ந்த முடியை எரிக்கவும் அஞ்சினாள், எறியவும் அஞ்சினாள், உரச்சாக்கில் சேர்த்தாள். மாலையில் ஹாரன் ஒலி ஐந்து நிமிடம் தாமதித்தாலும் தெருமுனைக்கு ஓடினாள். மழை பெய்த நாள்களில் அவன் வரும்வரை உண்ணாதிருந்தாள். ராஜதுரையோ ஒவ்வொரு காலையும் சீட்டியடித்துக்கொண்டே வேனைக் கிளப்பினான்.

தொண்ணூறாம் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. விடிந்ததும் அவள் வேன் சாவியை அரிசிக்குள் புதைத்தாள். அவன் சாவியைத் தேடவேயில்லை. எண்ணெய்க் குளியலுக்கு அழைத்தபோது மறுக்காமல் வந்து, சில நாள்களாகத் தலையைவிட்டு எடுக்காத தொப்பியைக் கழற்றிவிட்டு அமர்ந்தான். அவள் மிளகிட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை அவன் தலையில் வைத்துத் தேய்த்தாள். மூன்றாம் தேய்ப்பில் ஒரு கைப்பிடி முடி உள்ளங்கையோடு வந்தது. அடுத்ததில் இன்னொரு பிடி. அவள் ஈரத் தரையில் அப்படியே அமர்ந்துவிட்டாள்.

“உங்களுக்கு என்னங்க நடக்கப் போவுது?” என்று அலறினாள்.

“எனக்கு நடந்து முடிஞ்சு மூணு மாசமாச்சு புள்ள. வேன எடுக்காதீங்கன்னு நீ சொன்ன பாரு, அன்னிக்கு மொத வளைவுலயே வண்டிய நிறுத்திட்டு அழுதேன். அப்புறம் எழுபதுலயும் பயந்துக்கிட்டேதான் ஓட்டுனேன்.”

“பின்ன எதுக்குங்க சீட்டியடிச்சீங்க?”

“நீ பயப்படக் கூடாதுல்ல.”

அன்று மலைப்பாதையில் பாறை எதுவும் உருளவில்லை; வேனின் பிரேக்கிலும் குறையில்லை. அவள் முடி உதிரக் கண்டு அவன் அஞ்சினான். அந்த அச்சத்தால் அவன் முடி உதிர்ந்தது. அதைத் தொட்டு அவள் அதிர்ந்தாள். அந்த அதிர்ச்சிக்காகவே அவள் முடி முன்னதாக உதிர்ந்திருந்தது. இவற்றுள் எது காரணம், எது காரியம் என்று வரிசைப்படுத்த எவரும் முற்படவில்லை. ஆறு மாதத்தில் இருவர்க்கும் முடி வளர்ந்தது.

சாவி தொங்கும் ஆணிக்குக் கீழே, மாடத்தில் இப்போது இரண்டு சீப்புகள் உள்ளன. வரப்போவதற்கு அவளுடையது, வந்து போனதற்கு அவனுடையது. ராஜதுரை இரண்டையும் பார்த்துவிட்டே சாவியை எடுக்கிறான். சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் நாள்களில் இருசாயியும் வேலியருகே வந்து நிற்கிறாள்.

“மணி, சீப்பப் பாத்தியா கண்ணு? பஸ் ஏறலாமா?”